உப்பு மூட்டைகளை எண்ணிப் பாருங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பணியாற்றும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

தோல் பதனிடும் ஆலை எதுவானாலும் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி உங்கள் வாரியத்தின் இசைவாணை இல்லாமல் இயங்கக் கூடாது. புகைபோக்கிக்கு 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தனி இசைவாணை. ஊரில் இதைக் 'கன்சென்ட்' என்கிறோம். மாதத்துக்கு எத்தனை டன் தோல், நாளுக்கு எத்தனை கனமீட்டர் கழிவுநீர், அதை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, எங்கே அனுப்புவது என எல்லாமே அந்தத் தாளில் இருக்கிறது. நிபந்தனைகளை எழுதியதில் பெரிய குறை இல்லை. அவற்றை ஆலைக்குள் நின்று சரிபார்க்கும் முறையில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை எங்கெங்கே இருக்கிறது, இப்போதுள்ள சட்டத்தை வைத்தே அதை எப்படி அடைக்கலாம் என்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பதிவேடு. நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவு, இசைவாணை நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. ஓர் ஆலையின் கழிவுநீரால் பாதிக்கப்படுகிறவர் எவரும், அல்லது அவர் அனுப்புகிற ஆள், தகுந்த நேரத்தில் வந்து அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது. பதிவேட்டில் உள்ள நிபந்தனையே முடிவான சான்று என்பதும் அதே பிரிவுதான். பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ கிணறு கெட்டுப்போன ஒரு விவசாயிக்கு இந்த உரிமை இருப்பது இன்றும் தெரியாது. தெரிந்து கேட்டு வந்தாலும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினால் 30 நாள் போய்விடும். பதிவேட்டுக்கு மனுவே தேவையில்லை. ஆலைக்கு ஒரு பக்கம் வீதம் தமிழில் சுருக்கி எழுதி, மாவட்ட அலுவலகத்தில் ஒரு மேசைமேல் வையுங்கள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு அதன் ஒரு நகலைக் கொண்டு வாருங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது பேரணாம்பட்டு ஒரு பக்கம், ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு பக்கம், இராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ஒரு பக்கம் என்று நிர்வாகம் பிரிந்தது. பாலாற்றுத் தண்ணீர் மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை. மேற்கே என்ன அனுமதித்திருக்கிறது என்பதைக் கிழக்கே இருப்பவரும் பார்க்க முடிய வேண்டும்.

அந்த ஒரு பக்கத்தில் ஒரு வரைபடமும் வேண்டும். ஆலைக்குள் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணறுகள், ஊறல் தொட்டிகள், பதனிடும் டிரம்கள், கழிவுத் தொட்டிகள், பல ஆலைகள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய், மழைநீர்க் கால்வாய் ஆகிய எல்லாவற்றையும் எண் போட்டுக் காட்டும் படம். காரணம் எளிது. மின்காந்த ஓட்டமானி தான் பொருத்தப்பட்ட குழாயில் ஓடுவதை மட்டும்தான் அளக்கும். பக்கத்தில் பழைய குழாய் ஒன்று மண்ணுக்குள் இருந்தால் மானிக்கு அது தெரியாது. படத்தில் இல்லாத குழாயை ஆய்வின்போது கண்டுபிடித்தால், அதிலிருந்து சொட்டு நீர் விழாவிட்டாலும் அது இசைவாணை மீறல் என்று நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் "அது எங்கள் குழாயே இல்லை" என்ற வாதத்திலேயே வழக்கு முடிந்துபோகும். கசடுத் தொட்டிகளின் நீள, அகல, ஆழமும் கட்டிய ஆண்டும் அதே படத்தில் வர வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு தொட்டியில் எவ்வளவு நிரப்பலாம் என்ற எண்ணுக்கு உயிர் மதிப்பு உண்டு.

இனி இந்த மடலின் முக்கியமான விஷயம், உப்பு.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, உரித்த உடனே அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்புப் போடுகிறார்கள். ஆலையில் ஊறப்போடும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் வருகின்றன. பதனிடுவதற்கு முன் தோலைப் பக்குவப்படுத்தும் 'பிக்கிள்' கட்டத்தில் மறுபடியும் உப்பு, கூடவே கந்தக அமிலம். சாதாரண உயிரியல் சுத்திகரிப்பு சல்பைடைக் குறைக்கும், பி.ஓ.டி.-யை, அதாவது கரிமக் கழிவு சிதையத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை, குறைக்கும். கரைந்த உப்பை அது தொடவே தொடாது. வெளியேற்றும் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை எட்ட முடியாமல்தான், பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம் என்ற நிபந்தனை நம் பகுதிக்கு வந்தது. அதாவது, ஆர்.ஓ. சவ்வு வடிகட்டி வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்து ஆலைக்கே திருப்பிக் கொடுப்பது, மிஞ்சும் ரிஜெக்ட் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுப்பது. இசைவாணையில் இதற்கு ஒரே வரிதான். நடைமுறையில் இதுதான் தொழிலின் மிகப் பெரிய செலவு. செலவு கூடுகிற இடத்தில்தான் மீறலும் நடக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 200 கனமீட்டர் கழிவுநீர் வருகிறது, அதில் டி.டி.எஸ். லிட்டருக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் உப்பு 2,000 கிலோ. ஆர்.ஓ. முக்கால் பங்குத் தண்ணீரை மீட்டால் 150 கனமீட்டர் ஆலைக்குத் திரும்பும். 50 கனமீட்டர் ரிஜெக்ட். அந்த இரண்டு டன் உப்பில் அநேகமாக எல்லாமே இந்த 50 கனமீட்டரில்தான் இருக்கும். எவாப்பரேட்டர் ஒரு டன் நீராவிக்கு மூன்று டன் தண்ணீரை ஆவியாக்கும் என்றால் நாளுக்குச் சுமார் 17 டன் நீராவி வேண்டும். விறகுக் கொதிகலனில் ஒரு கிலோ விறகுக்கு மூன்று கிலோ நீராவி கிடைத்தாலும் ஐந்தரை டன் விறகு எரிய வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் வேலை நடந்தால் 600 டன் உப்பு. 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 12,000 மூட்டை.

ஆய்வுக்குப் போகும்போது கடைசிக் குழாயில் பாட்டில் பிடிப்பதோடு நிறுத்தாதீர்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்பதை விறகு பில் சொல்லும், மின் கட்டண அட்டை சொல்லும், உப்புக் கிடங்கு சொல்லும். நாளுக்கு ஐந்து டன் விறகு எரிய வேண்டிய இடத்தில் மாதத்துக்கே பத்து டன் பில்தான் இருக்கிறது என்றால், எவாப்பரேட்டர் ஆய்வு நாளில் மட்டும் சூடாகிறது. கிடங்கில் 12,000 மூட்டைக்குப் பதில் 1,000 மூட்டை இருந்து, மீதி எங்கே போனது என்பதற்கு ரசீதும் இல்லையென்றால், அந்த உப்பு கால்வாய் வழியே ஏரிக்குப் போயிருக்கிறது அல்லது ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. வேறு போக்கிடம் கிடையாது. எடையுள்ள பொருள் காற்றில் கரையாது. உப்புக் கணக்கில் பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். பாதி காணாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. தனி ஆலைக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இது ஒன்றுதான். நிலையத்துக்கு ஒவ்வோர் உறுப்பினர் ஆலையும் அனுப்பிய கனமீட்டரைக் கூட்டி, வந்து சேர்ந்த கனமீட்டரோடு ஒப்பிட்டால், எந்தக் கிளைக் குழாயில் கசிவு அல்லது களவு என்று தெரிந்துவிடும்.

கிடங்கையும் நேரில் பார்க்க வேண்டும். எடுத்த உப்பில் சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்திருக்கின்றன. கரிமக் கழிவும் நிறமும் ஒட்டியிருக்கின்றன. தோலுக்கு மறுபடி போட முடியாது, வாங்குவாரும் இல்லை. ஆகவே பிளாஸ்டிக் சாக்கில் கட்டி அடுக்குகிறார்கள். வெயிலில் சாக்கு இற்றுப் போய் வாய் பிளக்கிறது. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி உப்பு கசியத் தொடங்குகிறது. மூட்டைக்கு அடியில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டிருக்கும், சுவரின் வெளிப்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை பூத்திருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்தால் ஆய்வறிக்கை தேவையே இல்லை. சுவருக்கு வெளியே உப்பு போய்விட்டது. கூரை, தரைக்கு அடியில் நீர் புகாத விரிப்பு, சுற்றிலும் சேகரிப்புக் கால்வாய், அந்தக் கால்வாய் திரும்பிப் போய்ச் சேரும் தொட்டி ஆகிய நான்கும் இல்லாத கிடங்குக்கு இசைவாணை புதுப்பிக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

குரோமியத்துக்கும் இதே வழிதான். சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக்கிய ஒரு டன் தோலுக்கு ஏறத்தாழ 80 கிலோ குரோம் சல்பேட் போகிறது. அதில் 60 முதல் 70 சதவீதத்தைத் தோல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் டிரம் தண்ணீரில் இருக்கும். அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டு, இரவு முழுக்கப் படியவிட்டு, தெளிந்த நீரை வடித்து, அடியில் தங்கியதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பயன்படுத்தலாம். குரோம் மீட்பு அலகு இருக்கிறது என்று இசைவாணையில் எழுதியிருந்தால் மக்னீசியம் ஆக்சைடு வாங்கிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அலகு காட்சிக்குத்தான். மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பு, கலக்கிய கடைசித் தொட்டியில் மட்டும் அளந்தால் நீர்த்துப்போய்த் தப்பிவிடும். மீட்பு அலகின் வாயிலேயே அளக்க வேண்டும்.

அடுத்து மாதிரி எடுக்கும் முறை. ஆலை மீறியது உண்மையாகவே இருந்து, மாதிரியும் எடுத்து, ஆய்வக அறிக்கையும் மோசமாக வந்து, ஆனாலும் வழக்கு நிற்காமல் போவதற்கு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைச் சரியாகப் பின்பற்றாததே பெரிய காரணம். இதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நள்ளிரவில் அவசரமாக ஓடும்போது எந்தப் படி விடுபடுகிறது என்று சொல்லத்தான் வேண்டும். பகுப்பாய்வுக்காக மாதிரி எடுக்கிறோம் என்ற அறிவிப்பை ஆலைப் பொறுப்பாளர் அல்லது அவருடைய முகவர் கையில் அங்கேயே கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலிலும் அடையாளம் எழுதி, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று உடனே வாரியம் நிறுவிய அல்லது அங்கீகரித்த ஆய்வகத்துக்கு. பொறுப்பாளர் கேட்டால் இன்னொன்று 52-ஆம் பிரிவின்கீழ் உள்ள மாநில நீர் ஆய்வகத்துக்கு. அவர் வேண்டுமென்றே வராமல் இருந்தால், அதிகாரி மட்டும் கையெழுத்திட்டு, வராததை அரசுப் பகுப்பாய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் 21(2) பிரிவின்படி அந்த அறிக்கையைச் சான்றாக ஏற்க முடியாது.

இரவு இரண்டு மணிக்கு வாசலில் இருப்பவர் வாட்ச்மேன். அவர் கையெழுத்துப் போடுவார். பிறகு "அவர் எங்கள் முகவர் அல்ல" என்று வாதம் வரும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இசைவாணை கொடுக்கும்போதே, ஒவ்வொரு ஷிப்டுக்கும் அறிவிப்பை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவர் பெயரை ஆலை எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஆள் மாறினால் அவர்களே தெரிவிக்கட்டும். ஆலையைக் குத்தகைக்கு விட்டு, வேறொருவர் ஜாப் ஒர்க் ஓட்டும் இடங்களில் இது இன்னும் அவசியம். அங்கே இசைவாணை ஒருவர் பெயரில், தோல் இன்னொருவருடையது, டிரம் ஓட்டுகிறவர் மூன்றாமவர். பிடிக்கப் போனால் மூவரும் நழுவுகிறார்கள்.

பாட்டில் விஷயத்திலும் கவனம் வேண்டும். பி.ஓ.டி. பார்க்க வேண்டிய மாதிரி ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் போக வேண்டும். குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டுப் பி.எச். இரண்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சல்பைடுக்குத் துத்தநாக அசிட்டேட் விட்டுப் பிடிக்காவிட்டால் பாதி வழியிலேயே வாயுவாகப் போய்விடும். மூன்றுக்கும் ஒரே பாட்டில் என்றால் மூன்றுமே கெடும். ஜீப்பில் எந்நேரமும் அறிவிப்புப் படிவம், அரக்கு, மூன்று வகைப் பாட்டில், ஐஸ் பெட்டி இருக்கட்டும். ஆம்பூர் பக்கம் மாராப்பட்டில் பாலாறு நுரைத்து ஓடும் படம் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. மழைத் தண்ணீரோடு கழிவைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தடயம் போய்விடும். மறுநாள் பதினோரு மணிக்கு எடுக்கும் மாதிரி மழைநீரைத்தான் காட்டும். கிராமத்து இளைஞர்கள் கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் அளந்து அனுப்பும் எண் நீதிமன்றத்தில் சான்றாகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஜீப்பை எந்தக் கால்வாய்க்குத் திருப்ப வேண்டும் என்று அது சொல்லும். அந்தத் தகவலை வாங்க ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவு நேர எண் ஒன்று வேலை செய்ய வேண்டும்.

மீறல் உறுதியானால் என்ன செய்வது? வழக்கமாக நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின்கீழ் மூடல் உத்தரவு, மின் துண்டிப்பு. சில நாளில் ஆலை உறுதிமொழி கொடுக்கும், உத்தரவு தளரும், பழையபடி ஓடும். இடையில் கூலி இழந்தது டிரம் பக்கம் நிற்கும் தொழிலாளியும் தோலைச் சீவித் தேய்க்கும் ஷேவிங், பஃபிங் மெஷினில் நிற்கும் தொழிலாளியும்தான். அந்தப் பிரிவை நன்றாகப் படித்தால், முழு ஆலையை மூடுவதற்கு மட்டும் அது அதிகாரம் கொடுக்கவில்லை. ஒரு தொழிலை, ஓர் இயக்கத்தை, ஒரு செய்முறையை மட்டும் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கூட அதில் இடம் இருக்கிறது. உப்பும் சல்பைடும் வருவது ஊறல், சுண்ணாம்பு, பிக்கிள் பகுதியில். குரோமியம் பதனிடும் டிரம்மில். அந்த ஈரப் பகுதிக்கு மட்டும் முத்திரை வையுங்கள். உலர்ந்த தோலில் நடக்கும் மெஷின் வேலை ஓடட்டும். பச்சைத் தோல் உள்ளே வராமல் நின்றால் முதலாளிக்கு வலிக்கும். தொழிலாளியின் கூலி பறிபோகாது. மின்சாரத்தைத் துண்டித்தால் ஜெனரேட்டர் வரும். டிரம்மின் மோட்டாருக்கும் ஊறல் தொட்டியின் தண்ணீர்க் குழாய்க்கும் வைக்கிற முத்திரையை அப்படித் தாண்ட முடியாது. மறுபடி திறக்கும்போது உறுதிமொழிக் கடிதத்தை வாங்கிக்கொள்வதோடு விடாமல், முப்பது நாள் விறகு பில், உப்பு எடை, ஓட்டமானிக் கணக்கு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் திறங்கள்.

இழப்பீடு வசூலிக்க அதிகாரம் இல்லை என்ற பேச்சுக்கும் இனி இடமில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியங்கள் 33ஏ பிரிவின்கீழ், சேதத்தைச் சீர்செய்வதற்கான தொகையை உரிய விதிமுறைகளை வகுத்துக்கொண்டு வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டெல்லி வாரியத்தின் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

நம் பகுதிக்குத் தனித் தீர்ப்புகளே இருக்கின்றன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்போதைய வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆறு, ஓடைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய ஆலை கூடாது என்ற 1989-ஆம் ஆண்டு அரசாணை 213-ஐ உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்பின் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு இழப்பீடு தீர்மானித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே பிரச்சினையில் வந்த தீர்ப்பு, சேதம் சரியாகும்வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது என்றது. அரசு இழப்பீட்டைக் கொடுத்து அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. இரண்டு தீர்ப்புக்கும் இடையே 28 ஆண்டுகள். அவ்வளவு காலமும் இசைவாணைகள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான். வாணியம்பாடி முதல் வாலாஜா வரை உப்பேறிய கிணற்றடியில் மெலிந்து நிற்கும் தென்னைகளுக்குத் தீர்ப்பு எண்கள் தெரியாது.

தோல் தொழில் இங்கேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் நாங்கள். உப்பு, விறகு, ரிஜெக்ட் என்று எல்லாச் செலவையும் நேர்மையாகச் செய்கிற ஆலை, இரவில் குழாயைத் திறந்துவிடுகிற ஆலையோடு விலையில் போட்டி போட முடியாமல் நசுங்குகிறது. நிபந்தனையை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்துவதுதான் நேர்மையானவருக்கு நீங்கள் செய்யக்கூடிய ஒரே உதவி.

குடிமக்கள் தரப்பில் நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இருக்கிறது. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். அப்போது தன்னிடமுள்ள அறிக்கைகளை வாரியம் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும், பொதுநலன் கருதி மறுக்க வேண்டிய நிலை இருந்தாலன்றி. அந்த வழிக்கு எங்களைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பாக மூன்று மாவட்டங்களிலும் உள்ள ஒவ்வோர் உப்புக் கிடங்கிலும் மூட்டைகளை எண்ணி, கூரையும் தரையும் சரியா என்று பார்த்து, எண்ணிய கணக்கை ஆலைவாரியாக செப்டம்பர் மாதக் குறைதீர்வு நாள் கூட்டத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றுக் கரையில் பயிர் செய்வோரும், தோல் ஆலைகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வேலை பார்த்தோரும்